கூரையிலிருந்து யாரும் விழவில்லை

தொழிற்சாலையில் அவருக்கு ‘ஜீரோ சார்’ என்று பெயர். பாதுகாப்பு அதிகாரி. தினமும் காலையில் வாசல் பலகையில் ‘விபத்து’ என்ற வார்த்தைக்கு எதிரே பழைய ஜீரோவை அழித்துவிட்டுப் புது ஜீரோ போடுவார். அதற்காக நிர்வாகம் கொடுத்த கேடயம் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருந்தது. மனைவி தினமும் துடைத்து வைப்பாள்.

திங்கட்கிழமை கூரைத் தகடு மாற்ற ஆறு பேர் ஏற வேண்டும். ஆளுக்கொரு பெல்ட் உண்டு. அதன் கொக்கியை மாட்டத்தான் கூரையில் ஒன்றும் கிடையாது. இரும்புக் கயிறு கட்ட வேண்டும், விளிம்பில் கைப்பிடிக் கம்பி வேண்டும் என்று மேலாளர் முன்னால் போய் நின்றார்.

மேலாளர் பதிவேட்டைப் புரட்டினார். “பத்து வருஷமா கூரையிலேருந்து ஒருத்தரும் விழலையே. நீங்க எழுதினதுதானே? அப்புறம் எதுக்கு இவ்வளவு செலவு?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு. விழுந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவன் மனைவியின் தம்பி. நாலு வருஷத்துக்கு முன் தகடு உடைந்து விழுந்தான். இடுப்பு முறிந்து கிடந்தவனிடம், “பைக்லேருந்து விழுந்தேன்னு சொல்லிடு மாப்ள, உன் வேலைக்கு நான் பொறுப்பு” என்று கெஞ்சியவர் இவர்தான். மாமா சொல்கிறாரே என்று அவனும் சொல்லிவிட்டான். இப்போது ஸ்டோர் ரூமில் ஆணி எண்ணுகிறான். நடந்தால் உடம்பு ஒரு பக்கம் சாயும். அவன் விழுந்த அந்த மாதம்தான் கேடயம் வந்தது. இத்தனைக்கும் பிறகு சோறு எப்படி இறங்கியது என்று கேட்டால், வெட்கக்கேடு, இறங்கத்தான் செய்தது.

“விழுந்தாங்க சார்,” என்றார். “மூணு பேர். நான்தான் மாத்தி எழுதினேன்.”

மேலாளர் நிமிர்ந்து பார்த்தார். “எழுத்துல குடுங்க. உங்க வேலைக்கு நான் பொறுப்பு இல்ல.”

ஜீரோ சார் அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் கையில் இருக்கும்போது இன்னொருவன் விழுந்தால் தன் தலை உருளும் என்று மேலாளருக்குத் தெரியாதா என்ன? மத்தியானத்துக்குள் கயிற்றுக்கும் கம்பிக்கும் கையெழுத்துப் போட்டார். அதெல்லாம் வந்து சேரும்வரை கூரையில் யாரும் ஏறக் கூடாது என்றார். ஜீரோ சார் மேல் விசாரணை.

அவர் ஸ்டோர் ரூமுக்குப் போனார். மைத்துனன் முகத்தைப் பார்க்க முடியாமல் ஆணிப் பெட்டியைப் பார்த்தார். “எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டேன் மாப்ள. நீ கூரையிலேருந்து விழுந்தேன்னு.”

எண்ணிக்கொண்டிருந்த கை நின்றது.

“அக்கா இன்னும் பைக்கைத்தான் திட்டிட்டிருக்கு மாமா,” என்றான். “அந்தக் கேடயத்தைத் தினம் துடைக்குது. அதுகிட்டயும் நீங்களே சொல்லிடுங்க.”