கூலாய் ரோட்டில் எல்லாருக்கும் திருப்தி

இன்று என் கணவரின் நினைவுநாள் பூசைக்காகக் கூலாயிலிருந்து ஜொகூர் பாரு மாதா கோயிலுக்கு பஸ் ஏறினேன்.

பாதி வழியில் பஸ் சேற்றுக் குழியில் சிக்கியது. எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். நானும் வெள்ளைச் சேலையோடு சேற்றில் நின்றேன்.

அந்த வழியாக வந்த ரோட்டு இலாகா துரை காரை நிறுத்தினார். "ரோடு நல்லா இருக்கா?" என்று தமிழிலேயே கேட்டார்.

முழங்கால்வரை சேறு அப்பியவர்கள் கும்பிட்டு, "நல்லா இருக்குங்க தொரை" என்றார்கள்.

"கேவலமாக இருக்கிறது" என்றேன், அவருடைய ஆங்கிலத்திலேயே.

"உங்களைத் தவிர எல்லாருக்கும் திருப்திதானே, மேடம்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

பஸ் தள்ளிய ஒருவர், "தொரைகிட்ட அப்படிப் பேசலாமாம்மா?" என்று என்னைக் கடிந்துகொண்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது பூசை முடிந்து, மெழுகுவத்திகளை அணைத்துக்கொண்டிருந்தார்கள்.

உங்களுக்கும் இந்த ரோட்டைப் பற்றிக் குறை இருக்குமே. தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள். துரை கேட்கும்போது சொல்லுங்கள்.