மடியா, கதிரையா

அக்கா லண்டனுக்குத் திரும்பிப் போன நாளில் எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம், மூன்று பிளாஸ்டிக் கதிரைகள். சிறுபிள்ளைகளை இருத்தி வார் பூட்டுகிற கார்க் கதிரைகள். அத்தான் அங்கேயே நின்றுவிட, அக்கா தன் மூன்று குஞ்சுகளோடும் அந்த மூன்று கதிரைகளோடும் தனியே விமானம் ஏறி வந்திருந்தாள். நான் விமானச் சத்தம் கேட்டால் சாப்பாட்டுக் கோப்பையோடு முற்றத்துக்கு ஓடுகிறவன். எத்தனை இயந்திரம், மேகம் எப்படி இருந்தது என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை வற்றியது. அவளுக்கு ஒரே கதைதான்.

"பிளேனிலயும் கதிரையிலதான் பூட்டி வைச்சனான். ஒண்டும் அசையேல்ல."

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போக எங்கள் லிங்கநகர் வீட்டு வாசலில் வாடகை வான் நின்றது. அம்மா கடைக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக ஏறிவிட்டார். இனி எந்த வருடம் பார்ப்பாரோ தெரியாது. அந்த வழி முழுக்கப் பிள்ளை மடியில் கிடக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

"அம்மா, பிள்ளையைத் தாங்கோ. கதிரையில இருத்தோணும்."

"கிடக்கட்டும் பிள்ளை. உன்னையும் மடியிலதானே கொண்டு திரிஞ்சனான்."

"சடாரெண்டு பிரேக் போட்டா பறந்திடும். மூண்டையும் வைச்சா உங்களுக்கு இடமும் இல்ல. நீங்கள் வீட்டில நில்லுங்கோ."

அம்மா இறங்கவில்லை.

கிண்ணியா ஊர்ச் சாரதி சீற்றுகளுக்குக் கீழே குனிந்து தேடிப்பார்த்தார். "தங்கச்சி, இந்த வான்ல பெல்ட் எண்டு ஒண்டும் இல்ல. தோணிக் கயிறு இருக்கு."

"அப்ப கயித்தால கட்டுங்கோ!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கயிறு அறுந்தா பிள்ளை தனியப் பறக்காது, கதிரையோட பறக்கும். பாரம் கூடினா அடியும் கூட."

"பெரிய விஞ்ஞானி. வாயைப் பொத்தடா!"

"லண்டன் கதிரைக்கு லண்டன் கார் வேணும். இஞ்ச அது வெறும் சிம்மாசனம்."

சாரதி சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புத்தான் அவளைச் சுட்டது. "கதிரையளைத் தூக்கி வானுக்கு மேல போடுங்கோ" என்றாள்.

பிரேக் போட்டால் மடி மட்டும் தாங்குமா என்று அக்கா திருப்பிக் கேட்டிருந்தால் நான் தோற்றிருப்பேன். அவள் கேட்கவில்லை. வழியில் கந்தளாய் தாண்டியும் கேட்கவில்லை. சாரதி பிரேக்கில் கால் வைக்கிற போதெல்லாம் பின்னால் திரும்பி, தெருவை அல்ல, என்னைப் பார்த்தாள். அம்மா இரண்டு கையாலும் பிள்ளையை இறுக்கிக்கொண்டே வந்தார்.

விமான நிலைய வாசலில் கதிரைகள் இறங்கின. மூத்த இரண்டு பேரையும் வாசலிலேயே கதிரைகளில் இருத்திப் பூட்டிவிட்டு அக்கா அம்மாவின் முன்னால் வந்து கையை நீட்டினாள். பிள்ளை அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு வீரிட்டது. அக்கா விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். வார் 'டக்' என்று பூட்டியது.

"இப்ப சந்தோசமோ?" என்று என்னைக் கேட்டாள்.

"ஓம்" என்றேன், அம்மாவின் வெறும் கைகளைப் பார்க்காமல்.