என்.பி.ஓ.வுக்கு நான் வைத்த அர்த்தம்

நர்சிங் இரண்டாம் வருடத்தில் எல்லோரும் ஹாஸ்டல் மொட்டைமாடியில் வட்டமாக உட்கார்ந்து படிப்பார்கள். நான் மட்டும் போகமாட்டேன். தமிழ் மீடியத்தில் படித்தவள். சந்தேகம் கேட்டால் சிரித்துவிடுவார்களே என்று பயம். அறையில் தனியாகவே மனப்பாடம் செய்தேன்.

ஒரு நாள் காலை வார்டில், கும்மிடிப்பூண்டிப் பக்கம் மெஷினில் கை நசுங்கிய ஒரு அண்ணன் ஆபரேஷனுக்குக் காத்திருந்தார்.

"பசி தாங்கலம்மா தங்கச்சி. எதுனா துன்னலாமா?" என்றார்.

கேஸ் ஷீட்டில் 'என்.பி.ஓ.' என்று எழுதியிருந்தது. பி.ஓ. என்றால் வாய்வழியாக, என் என்றால் நார்மல். அப்படித்தான் நானாகப் படித்து வைத்திருந்தேன். இரண்டு இட்லியை நானே ஊட்டிவிட்டேன்.

அவரை அழைத்துப்போக வந்த சிஸ்டர் தட்டைப் பார்த்து அலறினார். வாய்வழியாக எதுவுமே தரக்கூடாது என்பதுதான் அதன் அர்த்தமாம். வயிற்றில் சாப்பாடு இருக்கும்போது மயக்க மருந்து கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாம். ஆபரேஷன் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போனது. அவர் வலியில் கத்தக் கத்த, துணி வைக்கும் அறையில் ஒளிந்து நின்று அழுதேன்.

தேடிவந்த வகுப்புத் தோழி சொன்னாள்: "நானும் அப்டித்தான்டி நெனச்சிக்கினு இருந்தேன். மாடில ஒருவாட்டி சொன்னேன். எல்லாம் வுயுந்து வுயுந்து சிரிச்சாளுங்க. அப்புறம் மறக்குமா இன்னா?"

அந்தச் சிரிப்புக்குத்தான் நான் பயந்தேன். அதை வாங்கிக்கொண்டிருந்தால், அந்த அண்ணன் அன்று பகல் முழுக்கத் துடித்திருக்க வேண்டாம்.