மீனால் போன ஒரு மார்க்

ஆறாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் பிரெஞ்சுப் பாடத்தில் எனக்கு ஒரு மார்க் போனது. போனதற்குக் காரணம் ஒரு மீன். பிரெஞ்சு மிஸ்ஸை நாங்கள் மதாம் என்றுதான் கூப்பிடுவோம். அந்த மதாமுக்கு இந்த விஷயம் இன்றுவரை தெரியாது. அப்பாவுக்குத் தெரியும், ஆனால் அவர் வாயைத் திறக்கமாட்டார்.

அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். அதற்கு முன்பு மில்லில் இருந்தார். மில்லை மூடியபோது ஒரே ஷெட்டில் வேலை பார்த்த மூன்று பேர் ஒன்றாக வெளியே வந்தார்கள், ஒன்றாக ஆட்டோ வாங்கினார்கள், கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டாண்டில் ஒன்றாகவே போய் நின்றார்கள். அப்பா, பாய் மாமா, வீராம்பட்டினத்து மாமா. சண்டை போட்டுக்கொண்டாலும் பக்கத்துப் பக்கத்தில் நின்றுகொண்டேதான் போடுவார்கள்.

ஸ்டாண்டுக்கு வரும் வெள்ளைக்காரர்கள் முதலில் கேட்பது சாப்பிட நல்ல இடம் எது என்பதைத்தான். இப்போதெல்லாம் போனில் நட்சத்திரம் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அப்போது அந்த நட்சத்திரம் அப்பா மாதிரி ஆட்டோக்காரர்கள் வாயில்தான் இருந்தது. அப்பா காட்டும் இடம் எப்போதும் ஒன்றே ஒன்று. மஞ்சள் சுவர், வாசலில் காகிதப்பூ, உள்ளே மரத்தடியில் மேசைகள். அங்கே ஆளைக் கொண்டுபோய் இறக்கினால் வாட்ச்மேன் ஒரு அட்டையில் முத்திரை குத்துவார். அட்டையில் கட்டம் எல்லாம் நிறைந்துவிட்டால் அட்டைக்காரருக்கு ஒரு சாப்பாடு இலவசம். இந்த ஏற்பாட்டைப் பேசி ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்தவரே அப்பாதான். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"த்ரே போன், மதாம், த்ரே போன்" என்பார், விரல்களைக் குவித்து உதட்டில் வைத்து. ரொம்ப நன்றாக இருக்கும் என்று அர்த்தம். எனக்கு அது ட்ரேயில் வைத்த போன் என்றுதான் காதில் விழும். அந்த ரெஸ்டாரன்டின் வெண்ணெயில் வறுத்த மீனைப் பற்றி அவர் கையாலும் கண்ணாலும் சொல்வதைப் பார்த்தால் எனக்கே எச்சில் ஊறும். அவர் அந்த மீனை ஒரு நாளும் சாப்பிட்டதில்லை.

ஒரு வழியாக அட்டைகள் நிறைந்தன. அப்பாவிடம் இரண்டு, மாமாக்களிடம் ஆளுக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போவது என்று முடிவானது. நாலாவது சாப்பாட்டுக்கு அப்பா அம்மாவைக் கூப்பிட்டார்.

"மூணு பேரும் மில்லு கதைய பேசுவீங்க, நடுவுல நான் எதுக்கு? பாப்பாவ இட்டுக்கினு போங்க. மெனு கார்டு இங்கிலீஷ்ல இருக்கும், அவ படிச்சு சொல்லுவா" என்றாள் அம்மா.

அந்த ஒரு சொல் போதாதா எனக்கு? இரண்டு நாள் பிஸ்கட் பாக்கெட், ஷாம்பு பாட்டில் என்று வீட்டில் இருந்த இங்கிலீஷையெல்லாம் சத்தம் போட்டுப் படித்துத் தயாரானேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். பாய் மாமா அத்தர் பூசிக்கொண்டு வந்தார். வீராம்பட்டினத்து மாமா மட்டும், "மீன் திங்கறதுக்கு எதுக்குய்யா இவ்ளோ அலங்காரம்?" என்று கேட்டார். அவர் மீனவர் வீட்டுப் பிள்ளை. பிறந்ததிலிருந்து மீன் தின்கிறவர். ஆனால் அவரும் புதுச் செருப்புதான் போட்டிருந்தார்.

என் குழப்பமெல்லாம் அந்த வாசலில் ஆரம்பித்தது. மரத்தடியில் மூன்று மேசை காலியாக இருந்தது. டை கட்டிய சூப்பர்வைசர் அப்பாவைப் பார்த்து, "வாங்கண்ணே, வாங்க" என்று சிரித்தபடி எங்களை மரத்தடியைத் தாண்டி, கூடத்தையும் தாண்டி, கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசைக்குக் கூட்டிப்போனார். நாலு அட்டையையும் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மெனு கார்டு தரவில்லை.

நான் கேட்டேன். "அங்கிள், மெனு கார்டு?"

"உங்களுக்கு அதெல்லாம் வேணாம்மா. உங்களுக்குன்னு தனியா செஞ்சு வச்சிருக்கோம்."

படித்துக்காட்ட முடியாமல் போனது வருத்தம்தான். ஆனாலும் தனியாகச் செய்து வைத்திருக்கிறார்கள் என்றால் அப்பா எவ்வளவு பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் பெருமையைக் காணோம். தண்ணீர் டம்ளரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நகர்த்திக்கொண்டிருந்தார்.

தட்டு வந்தது. கட்டி கட்டியாகச் சோறு. அதன்மேல் போஸ்டர் ஒட்டுகிற பசை மாதிரி ஒரு வெள்ளைக் குழம்பு. ஓரத்தில் உள்ளங்கையில் பாதி அளவு ஒரு மீன் துண்டு, வால் பக்கம். தொட்டால் ஜில்லென்று இருந்தது. வீராம்பட்டினத்து மாமா அதை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். பிறகு திரும்பத் தட்டிலேயே வைத்தார், தூங்குகிற குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி.

"மூணு நாளு" என்றார் மெதுவாக.

"சும்மா இருய்யா" என்றார் பாய் மாமா.

நான் அந்தப் பக்கம் கவனிக்கவில்லை. கூடத்து வாசல் வழியாக மரத்தடி தெரிந்தது. அங்கே ஒரு வெள்ளைக்காரப் பாட்டியும் தாத்தாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கிளம்புவதற்குச் சற்று முன்பு அப்பா ஸ்டாண்டிலிருந்து கொண்டுவந்து இறக்கியவர்கள்தான். அவர்கள் தட்டில் முழு மீன் ஒன்று பொன் நிறத்தில், மேலே எலுமிச்சைத் துண்டோடு, ஆவி பறக்கக் கிடந்தது. அப்பா கையாலும் கண்ணாலும் சொல்வாரே, அச்சு அசலாக அதே மீன்.

"அப்பா, அவங்க மீனும் நம்ம மீனும் ஒண்ணா?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

"அது வேற மீனு" என்றார் அப்பா.

"வேற கடலு" என்றார் வீராம்பட்டினத்து மாமா. உடனே மூன்று பேரும் சிரித்தார்கள். அவ்வளவு நேரம் சிரிக்க அதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பாய் மாமாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அந்தச் சத்தத்தில் வெள்ளைக்காரப் பாட்டி திரும்பிப் பார்த்தாள். அப்பாவை அடையாளம் தெரிந்து, கட்டை விரலை உயர்த்தி, "த்ரே போன்!" என்று உரக்கச் சொன்னாள். அப்பா சொல்லிக்கொடுத்ததை அப்பாவிடமே திருப்பிக் கொடுக்கிற மாதிரி இருந்தது. அப்பா பாதி எழுந்து நின்று, "த்ரே போன், மதாம்" என்றார். விரலைக் குவித்து உதட்டில் வைக்கவில்லை.

உட்கார்ந்ததும் அவர் செய்ததைத்தான் என்னால் ரொம்ப நாள் மன்னிக்க முடியவில்லை. நான் மீனைப் பிட்டு வாயில் வைக்கப் போனேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "முள்ளு இருக்கும், நீ சாப்பிடாத" என்று என் துண்டையும் எடுத்துத் தன் தட்டில் போட்டு, இரண்டையும் மென்று விழுங்கினார். ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கவில்லை. மாமாக்களும் தலையைக் குனிந்துகொண்டு தட்டைக் காலி செய்தார்கள். அவ்வளவு ருசியா, பெற்ற பெண்ணுக்குக்கூடக் கொடுக்க மனசு வராத அளவுக்கு ருசியா என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சூப்பர்வைசர் வந்தார். "எப்பிடிண்ணே இருந்துச்சு?"

மாமாக்கள் அப்பாவைப் பார்த்தார்கள். இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் அவர்தானே!

"நல்லா இருந்துச்சு தம்பி" என்றார் அப்பா. சூப்பர்வைசர் நாலு புது அட்டை கொடுத்தார். அப்பா அதையும் வாங்கிக்கொண்டார்.

வீட்டில் அம்மா சுறாப்புட்டும் ரசமும் வைத்திருந்தாள். ஹோட்டலில் சாப்பிட்டு வருகிறவர்களுக்கு எதற்குச் சமையல் என்று அப்பா கேட்கவில்லை. மூன்று பேரும் மறுபடி உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிட்டார்கள். நான் அம்மாவிடம் போட்டுக்கொடுத்தேன். "என் மீனையும் அப்பாவே சாப்ட்டாரும்மா." அம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவளோ அவர் தட்டில் இன்னொரு கரண்டி புட்டு வைத்தாள். இந்த வீட்டில் எனக்கு நியாயம் கிடைக்காது என்று தெரிந்துபோயிற்று.

அதற்குப் பிறகுதான் ஒரு புது வார்த்தை வந்தது. காலையில் அப்பா என்னை ஆட்டோவில் பள்ளிக்கூடத்தில் விடுவார். ஒரு நாள் வழியில் ஒரு வெள்ளைக்கார அம்மா மஞ்சள் சுவரைக் காட்டி ஏதோ கேட்டாள். அப்பா தலையை ஆட்டி, "ஃபெர்மே, மதாம், ஃபெர்மே" என்றார். ஸ்டாண்டில் பாய் மாமாவும் ஃபெர்மே, வீராம்பட்டினத்து மாமாவும் ஃபெர்மே. புது அட்டைகளை அப்பா எனக்கே கொடுத்துவிட்டார். ஒன்றை பிரெஞ்சுப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்துக்கொண்டேன். அதில் ஒரு முத்திரைகூட இல்லை.

"ஃபெர்மேன்னா என்னாப்பா?"

அப்பா முன்னால் போன சைக்கிளுக்கு ஹாரன் அடித்தார். "அங்க சாப்பாடு நல்லா இருக்காதுன்னு அர்த்தம்."

எனக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துப்போனது. உப்புமா செய்த அன்று, "அம்மா, இன்னிக்கு ஃபெர்மே" என்றேன். பள்ளிக்கூடத்துச் சாம்பார் வாரத்தில் மூன்று நாள் ஃபெர்மே. அரையாண்டுத் தேர்வில் பூட்டிய கதவு ஒன்றைப் படம் போட்டு, கீழே ஃபெர்மே என்று எழுதி, பொருள் கேட்டிருந்தார்கள். தெரிந்த கேள்வி வந்த சந்தோஷத்தில், 'இங்கே சாப்பாடு நன்றாக இருக்காது' என்று அழகான கையெழுத்தில் எழுதிவைத்தேன்.

மதாம் அதை வகுப்பில் வாசித்தார். எல்லோரும் சிரித்தார்கள். "யாரு சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார். அப்பா என்றேன். "ஃபெர்மேன்னா மூடியிருக்குன்னு அர்த்தம். அப்பாகிட்ட சொல்லு" என்றார்.

மூடியிருக்கா? அந்தக் கதவைத்தான் நான் தினமும் பார்க்கிறேனே. பெரிதாகத் திறந்திருக்கும், வாட்ச்மேன் சலாம் வைத்துக்கொண்டிருப்பார். அன்று சாயங்காலம் விடைத்தாளை அப்பாவிடம் நீட்டிக் கோபமாகச் சொன்னேன். "நீ தப்பா சொல்லிக்கொடுத்துட்ட. ஃபெர்மேன்னா மூடியிருக்குன்னு அர்த்தமாம்."

அப்பா விடைத்தாளை வாங்கி அந்தப் பதிலைப் படித்தார். "ஆமாம்மா, தப்புதான்" என்று கையெழுத்துப் போட்டார்.

பாவமாக இருந்தது. மில்லுக்குப் போனவருக்கு யார் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? நானே வாத்தியார் ஆனேன். திறந்திருந்தால் ஊவேர், மூடியிருந்தால் ஃபெர்மே. எங்கள் வீட்டுக் கதவைத் திறந்து காட்டினேன், மூடிக் காட்டினேன். ஒவ்வொரு தடவையும் அப்பா சரியாகச் சொன்னார். கடைசியில் 'மே'வைக் கொஞ்சம் நீட்டச் சொன்னேன், நீட்டினார்.

மறுநாள் காலையில் மஞ்சள் சுவருக்கு எதிரிலேயே ஒரு வெள்ளைக்காரத் தம்பதி ஆட்டோவை நிறுத்தி, அங்கே கையைக் காட்டினார்கள். இரண்டு கதவும் திறந்து கிடந்தன. எண்ணெயில் எதுவோ வறுபடும் வாசனைகூட வந்தது. நான் பின்சீட்டிலிருந்து அப்பாவின் முதுகைச் சுரண்டி, "ஊவேர்ப்பா, ஊவேர்" என்று கிசுகிசுத்தேன்.

அப்பா அந்தத் திறந்த கதவை நேராகப் பார்த்தார். "ஃபெர்மே, மதாம்" என்றார், நான் சொல்லிக்கொடுத்தபடி நீட்டி.

இவ்வளவு சொல்லிக்கொடுத்தும் இந்த அப்பாவுக்கு ஏறவில்லையே என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.