படலையில் கட்டிய வேப்பிலை

மயிலிட்டியில் நாங்கள் இருந்த காலம். காய்ச்சலுக்குக் குளிசை விழுங்கிவந்த என் மனைவிக்கு உடம்பெங்கும் கொப்புளம் எழும்பியது. அம்மைதான், அம்மாள் வந்துவிட்டாள் என்று வாசற் படலையில் வேப்பிலை கட்டினேன். அம்மாளுக்கு மருந்து ஆகாதென்று குளிசையையும் நிறுத்தினேன்.

மறுநாள் அவளைத் தூக்கி இருத்தியபோது முதுகுத் தோல் என் உள்ளங்கையோடு உரிந்து வந்தது. உதடெல்லாம் புண். "இஞ்சாருங்கோ, கண்ணைத் திறக்கேலாமல் கிடக்கு" என்றாள். அம்மாள் இருக்கும் வீட்டிலிருந்து ஆளை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பார்கள். அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கார் பிடித்துக் கொண்டுபோனேன்.

"உது அம்மாள் இல்லை" என்றார், அவள் விழுங்கிய குளிசையைப் பற்றிக் கேட்டறிந்த ஆஸ்பத்திரி டாக்குத்தர். "கிருமியோடை சண்டை பிடிக்கிற உடம்பின்ரை காவல், அந்தக் குளிசையாலை குழம்பிச் சொந்தத் தோலையே அழிக்குது. குளிசையை எப்ப நிப்பாட்டினீங்கள்?"

"கொப்புளம் கண்ட உடனை ஐயா. அம்மாளுக்குப் பயந்து."

அவர் அவளுடைய இமையை விலக்கிப் பார்த்தார். "அதாலைதான் உயிர் தப்பியிருக்கு. ஆனா அப்பவே இஞ்சை கொண்டுவந்திருக்க வேணும். கண்ணைப் பற்றி ஒண்டும் சொல்லேலாது."

அவள் பிழைத்தாள். ஒரு கண் மங்கல்.

இன்றும் எந்தப் படலையில் வேப்பிலையைக் கண்டாலும் கை தானாகக் கும்பிடும். ஆனால் நகர மாட்டேன். உள்ளே குரல் கொடுப்பேன்: "பிள்ளையள், காய்ச்சலுக்கு என்ன குளிசை குடுத்தனீங்கள்?"