கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்த டாக்டரம்மா

இதை உங்கள் முன்னால் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஆண்டவர் எனக்குச் செய்ததை மறைக்க மாட்டேன். ஏற்கெனவே ஒரு தடவை மறைத்துப் பட்டது போதும்.

எழுபத்தொன்பதாம் வருடம், ஆடி மாதம். அவனியாபுரத்தில் லேத் பட்டறையில் வேலை பார்த்தேன். எங்கள் குழந்தை பிறந்து இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. என் மனைவி எஸ்தர் தூங்கவில்லை, சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருப்பாள். எனக்கோ பக்கத்து வீட்டில் இருந்த என் அண்ணி மேல் சந்தேகம். அவர் கொடுத்தனுப்பிய குழம்பையெல்லாம் சாக்கடையில் கொட்டினேன். வாசலில் எலுமிச்சம்பழம் கிடந்தால் அண்ணி. பால் திரிந்தால் அண்ணி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அந்தக் கதைதான்.

சபைக்குத் தெரியாமல் கொட்டாம்பட்டிப் பக்கம் செய்வினை எடுக்கிற ஒருவரிடம் போனேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முன்வரிசையில் உட்காருகிற ஆள் நான்! அவர் ஒரு பொட்டலம் பொடி கொடுத்தார். "காபியில கலந்து குடுங்க. உள்ள இருக்கறது ஆடிட்டு இறங்கிரும்" என்றார். புதன்கிழமை காலையில் கலந்து கொடுத்தேன்.

ஒரு மணி நேரத்தில் எஸ்தர் எழுந்து, இல்லாத நூலைக் காற்றில் இழுக்க ஆரம்பித்தாள். முகம் சிவந்து உடம்பு கொதித்தது. என்னைப் பார்த்து "யாருய்யா நீ?" என்றாள். சத்தம் கேட்டு ஓடிவந்து அவளைப் பிடித்தவர் அண்ணிதான். அப்போதும் என் சந்தேகம் போகவில்லை. போதகரும் வந்துவிட்டார். டாக்சி பிடித்து மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனோம்.

"பைத்தியம்ங்க. கையக் கட்டி மெண்டல் வார்டுக்கு அனுப்பிர வேண்டியதுதான்" என்றார் அங்கிருந்த வார்டு ஆள். டாக்டரம்மா சின்னப் பெண். இவளுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் அவர் கட்ட விடவில்லை. டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார்.

"எத்தனை நாளா இப்படி?"

"ஆறு மாசமாங்க."

"காத்துல இழுக்கறாங்களே, அது?"

"இன்னைக்குத்தான்."

"மருந்து ஏதாச்சும் குடுத்தீங்களா?"

பக்கத்தில் போதகர் நின்றார். "ஒண்ணும் குடுக்கலங்க" என்றேன்.

டாக்டரம்மா என்னையே பார்த்தார். ஊரையே சந்தேகப்பட்ட என்னை அன்றைக்குத்தான் ஒருவர் சந்தேகப்பட்டார். 'ஆண்டவரே, இவளைக் காப்பாற்றும்' என்று மனதுக்குள் கதறினேன். பதில் இல்லை. வாயில் பொய்யை வைத்துக்கொண்டு கேட்டால் எப்படி வரும்? எஸ்தருக்கு மூச்சு வாங்கியது. 'என் மானம் போகட்டும், என் வாயைத் திறந்துவிடும்' என்று ஜெபித்தேன்.

அந்த நிமிடமே டாக்டரம்மா போதகரிடம், "ஐயா, கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "வெறும் புத்தி பேதலிச்சதுன்னா கண்மணி இம்புட்டு விரியாது, நாக்கு இப்படிக் காயாது. வயித்துல என்னமோ போயிருக்கு. நீங்க சொன்னாத்தான் காப்பாத்த முடியும்."

சொல்லிவிட்டேன். சட்டைப்பையில் இருந்த மிச்சப் பொடியையும் கொடுத்தேன். அதில் ஊமத்தை விதை கலந்திருந்ததாம். குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். மூன்றாம் நாள் எஸ்தர் என்னை அடையாளம் கண்டு தண்ணீர் கேட்டாள். நான் வார்டிலேயே முழங்காலில் நின்று அழுதேன். அவளுடைய பழைய துக்கத்துக்கும் டாக்டரம்மாவே மனநல டாக்டருக்கு எழுதிக் கொடுத்தார். மாத்திரையும் பேச்சுமாக ஒரு வருடத்தில் தேறினாள்.

போதகரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டேன். "என் குழம்பு சாக்கடைக்குப் போனது எனக்குத் தெரியும் தம்பி. நாளைக்கு மீன் வாங்குறேன், அதையாச்சும் திங்கணும்" என்றார்.

எனவே அன்பானவர்களே, நம்பி ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டு, டாக்டர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். அந்தக் கேள்வியாகவே ஆண்டவருடைய பதில் வரலாம். எனக்கு அப்படித்தான் வந்தது.

இன்றும் எங்கள் வீட்டில் காலைக் காபி நான்தான் போடுகிறேன். முதல் வாய் நான் குடித்த பிறகுதான் எஸ்தர் டம்ளரை வாங்குவாள். அவள் உயிரோடு இருந்து என்னைச் சந்தேகப்படுகிறாளே, அதற்குத் தினமும் ஸ்தோத்திரம் சொல்கிறேன்.