டம்ப் வால்வும் எட்டாம் வகுப்பும்

குர்லாவில் பட்டறை வைத்திருந்த தமிழ் மெக்கானிக்கின் நகக்கண் கருப்பைப் பார்த்தே அவரை எடைபோட்டுவிட்டேன். எந்த எஞ்சினானாலும் நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை அதில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கோளாறைக் கேட்டறிவார். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் 'புஸ்' என்று காற்றுவிடும் டம்ப் வால்வை என் டர்போ டீசல் காருக்குப் பொருத்தச் சொன்னேன்.

"பெட்ரோல் வண்டியில மூடி அடைச்சதும் தேங்குத காத்தத்தான் இது வெளிய விடும். டீசல்ல காத்த மறிக்க மூடியே கிடையாது சார். எதைத் திறந்துவிட? இது சத்தம் காட்டுத சின்னப் பயலுவளுக்கு."

"நீ எதுவரைக்கும் படிச்சிருக்கே?" என்றேன்.

"எட்டு," என்று சொல்லி பானெட்டை மூடினார்.

வேறிடத்தில் பொருத்திக்கொண்டேன். வால்வு கசிந்து கார் கரும்புகை கக்கவே, அவரிடமே திரும்பினேன். வால்வைக் கழற்றி என் கையில் கொடுத்தார். எஞ்சினை ஓடவிட்டு, ஸ்க்ரூடிரைவர் பிடியை என் காதருகே நீட்டினார்.

"கேளுங்க சார். நீங்க படிச்சவங்கல்லா."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதுபோல் தலையாட்டினேன். அவர் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.